ஒரு பிடி அரிசியும் பரண் நிறைந்த பாத்திரமும்

மாதந்தோறும் அனுஷ நட்சத்திரத்தன்று காஞ்சி மகா ஸ்வாமிகளை நினைந்து விளக்கேற்றும் இல்லங்கள் தமிழகத்தில் பல உள்ளன. 1894-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள், அனுஷத்தில், ஸ்வாமிகள் அவதரித்த ஊர் விழுப்புரம். கல்வித் துறையில் பணியாற்றிய தந்தையார் சுப்ரமண்ய சாஸ்திரிகளுக்கு ஊர் ஊராக மாற்றல் வந்தது. அவ்வாறு குடும்பம் திண்டிவனத்தில் குடியிருந்தபோது, ஸ்வாமிநாதன் என்ற திருநாமம் கொண்ட அப்பிள்ளை அங்கிருந்த அமெரிக்க மிஷன் பள்ளியில் பயின்றார். 1906-இல் காமகோடி பீடத்தின் 66-ஆவது ஆசார்யர் அருகிலுள்ள பெருமுக்கலில் சாதுர்மாஸ்ய விரதம் அனுஷ்டித்தபோது, அவரைத் தரிசிக்கும் பாக்கியமும் அக்குடும்பத்துக்கு வாய்த்தது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நிகழ்ந்ததை ஸ்வாமிகளே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். திண்டிவனத்திலிருந்து குடும்பத்தாரோடு காஞ்சிபுரம் வந்த சிறுவரை, மடத்து வண்டியொன்று தனியே ஏற்றிக்கொண்டு கலவை நோக்கிச் சென்றது. இனி வீடு திரும்புவதற்கில்லை என்பதே வழியில்தான் அவருக்குச் சொல்லப்பட்டது. அம்மாதம் 13-ஆம் நாள் கலவையில் சந்நியாசம் ஏற்றபோது அவருக்குப் 13 வயது நிறையவில்லை. வாழ்நாள் முழுமைக்குமான அந்தப் பயணத்துக்கு மூட்டை கட்டிக்கொள்ள அவருக்கு ஒரு நாழிகைகூடக் கிடைக்கவில்லை.

அதன்பின் 1994 ஜனவரி 8-இல் சித்தியடையும் வரை, ஏறக்குறைய 87 ஆண்டுகள், தண்டமும் கமண்டலமும் காஷாயமுமே அவருடைய உடைமைகள். எண்பது வயதைக் கடந்த பின்னும், 1978-இல் தொடங்கி 1984 வரை, கர்நாடகம், மகாராஷ்டிரம், ஆந்திரம் எனப் பாதயாத்திரையாகவே சென்று வந்தார். கையில் சுமை இல்லாதவருக்கே அத்தனை தூரம் நடக்க இயலும்.

நாம் இல்லறத்தார், துறவியின் அளவுகோல் நமக்குப் பொருந்தாது. இதை ஸ்வாமிகள் நன்கு அறிந்திருந்தார்கள். ஆதலால் நமக்கென்று அவர்கள் வகுத்த வழிகள் நம் அடுக்களைக்குள்ளேயே அடங்குபவை. பட்டுப் புடவை வேண்டாம், ஆடம்பரத் திருமணம் வேண்டாம் என்றார்கள். பிடி அரிசித் திட்டத்தைச் சொன்னார்கள். அன்றாடம் சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பாத்திரத்தில் இட்டு வைக்க வேண்டும். பல வீடுகளில் சேர்ந்ததைத் திரட்டி, ஊர்க் கோயிலில் சமைத்து நிவேதனம் செய்து, ஏழைகளுக்கு வழங்க வேண்டும். ஒரு பிடி 40 கிராம் என்று கொண்டால், 25 வீடுகள் சேர்ந்தால் நாளொன்றுக்கு ஒரு கிலோ ஆகிறது. எந்த வீட்டிலும் யாருக்கும் பசி கூடுவதில்லை.

இத்திட்டத்தின் உள்ளீடு எளிது. உண்டு மிஞ்சியதைக் கொடுப்பதன்று. உலையில் இடுவதற்கு முன்னரே எடுத்து வைப்பது. கொடுப்பது முதலில், நமக்கென்று வைத்துக்கொள்வது பிறகு. இந்த வரிசையை அரிசிப் பானையோடு நிறுத்திவிடாமல் நம் பரணுக்கும் பீரோவுக்கும் கொண்டுசெல்ல முடியுமா என்பதே இவ்வாரச் சிந்தனை.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பழைய தெருக்களில் முதியவர் இருவர் மட்டும், சில வீடுகளில் ஒருவர் மட்டும், வசிக்கும் இல்லங்கள் உண்டு. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்கிறார்கள். பரணில் அண்டா, தவலை, அடுக்கு. கட்டிலின் கீழ் தகரப் பெட்டி. கூடத்து மூலையில் உடைந்த நாற்காலி. "என்றாவது உதவும்" என்று வைத்தவை அவை. அந்த "என்றாவது" வந்து சேர்வதற்குள், ஏணியில் ஏறி அவற்றை இறக்கும் வலிமை நம் கால்களை விட்டுப் போய்விடுகிறது. இரவில் எழுந்து குளியலறைக்குச் செல்லும் வழியில் கிடக்கும் ஒரு பெட்டி போதும், இடுப்பெலும்பு முறிய. முதுமையில் வீட்டைச் செப்பனிடுவதென்றால் புதிதாக எதையும் வாங்குவதன்று. முதலில் படுக்கையிலிருந்து குளியலறை வரை தரையைத் துப்புரவாக்குங்கள். வழுக்கும் மிதியடியை அகற்றுங்கள். சுவரில் ஒரு கைப்பிடியும், இரவில் எரியும் சிறு விளக்கும் இருக்கட்டும். பரண் மீதுள்ளவற்றை நீங்கள் ஏறி இறக்க வேண்டாம். இளையவர் எவரையேனும் துணைக்கு அழையுங்கள்.

இறக்கியவற்றை என்ன செய்வது? அன்னதானம் நடக்கும் கோயில்களின் மடைப்பள்ளிக்குப் பெரிய அண்டாக்கள் பயன்படக்கூடும். தேவை உண்டா என்று முதலில் கேட்டறிந்து, ஓட்டையும் பிசுக்கும் இல்லாதவற்றைத் துலக்கிக் கொடுத்து, ரசீது பெற்றுக்கொள்வதே முறை. உடைந்ததைத் தெய்வத்தின் பெயரால் கழித்துவிடுதல் தானமாகாது.

பூஜை அறையில் பழுதடைந்த திருவுருவப் படங்களைக் கண்ணாடிச் சட்டத்தோடு அரச மரத்தடியில் வைத்துவிட்டு வருகிறோம். பல்லாண்டு வணங்கிய திருமுகம் அங்கே வெயிலிலும் மழையிலும் கிடந்து, பின்னர் குப்பையோடு சேர்கிறது. சட்டத்தையும் கண்ணாடியையும் தனியே பிரித்துவிட்டு, காகிதத்தை மட்டும், மன்னிப்பு வேண்டி, கால் படாத தூய இடத்தில் மண்ணுக்குள் சேர்த்துவிடுதல் மேலானது.

மறைந்தவர்களின் பொருள்களே கடினமானவை. துணைவியாரின் புடவைகளை அடுக்கி வைத்திருக்கும் முதியவரிடம், "அனைத்தையும் எடுத்துப் போடுங்கள்" என்று பிள்ளைகள் சொல்வது எளிது. அவசரம் வேண்டாம். அவர்கள் கைபட்ட குங்குமச் சிமிழையோ, ஒரு புடவையையோ வைத்துக்கொள்ளுங்கள். இது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். மற்றவை நல்ல நிலையில் இருக்கும்போதே இன்னொருவர் உடுத்தட்டும். பெட்டிக்குள் இற்றுப்போவதைக் காட்டிலும் அது அவர்களுக்குச் செய்யும் பெரிய மரியாதை.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. விருந்தினருக்கென்று இரண்டு தட்டு, பேரப் பிள்ளைகளுக்கென்று இரண்டு தலையணை, ஒரு பாய்: இவை மிகைப் பொருள்கள் அல்ல. அதிதி வந்தால் அமர இடமில்லாத வீடும், பாத்திரங்களால் நிறைந்து அமர இடமில்லாத வீடும் ஒன்றே.

யாத்திரைக்கும் இதுவே விதி. நம் திருமணங்களில் காசி யாத்திரை புறப்படும் மாப்பிள்ளையின் கையில் குடை, விசிறி, தடி, ஒரு புத்தகம். அவ்வளவுதான் நம் முன்னோர் கருதிய பயண மூட்டை. விழுப்புரம் சந்திப்பில் ரயில் நிற்கும் சில நிமிடங்களில் பிறர் உதவியின்றி நீங்களே தூக்கி ஏற்றக்கூடிய ஒரு பை போதும். மாற்றுடை இரண்டு, சால்வை ஒன்று, மூக்குக்கண்ணாடி, பயண நாள்களுக்கு மேல் நான்கு நாளைக்கு மருந்து, மருந்துகளின் பெயரும் பிள்ளைகளின் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு. நகைகள் வீட்டிலும் வேண்டாம், பையிலும் வேண்டாம். வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். காசிக்குச் சென்றால் விருப்பமான காயும் கனியும் ஒவ்வொன்றை விட்டு வருவது நம் வழக்கம். அந்த க்ஷேத்திரத்துக்குப் போவதே எதையேனும் விட்டுவிட்டு வரத்தான் என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது.

நாம் சென்ற பிறகு இவ்வீட்டைப் பிள்ளைகள் ஒரு நாள் திறப்பார்கள். ஒரு வார விடுப்பில் வந்தவர்கள், எது பாட்டியின் சீர்வரிசை, எது சந்தையில் வாங்கியது என்று அறியாமல், எல்லாவற்றையும் எடைக்குப் போட நேரும். அதனினும் நம் கையாலேயே, பெறுபவர் முகம் பார்த்துக் கொடுப்பது நன்றல்லவா?

அனுஷம் ஆண்டுக்குப் பதின்மூன்று முறையேனும் வரும். அன்று காலை அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடி எடுத்து வைப்பதோடு, வீட்டிலிருந்து பயனுள்ள ஒரு பொருளையும் எடுத்து, தேவைப்படும் ஒருவருக்குக் கொடுப்போம். அடுத்த அனுஷம் வரும் முன்பே, எதை, யாருக்கு என்று முடிவு செய்துவிடுங்கள்.