மூன்றாவது ஓட்டை

ஓசூரில் வாடகைக்கு வீடு தேடும் இளைஞர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். அட்வான்ஸ் எவ்வளவு? போர் தண்ணி வருமா? சிப்காட் பக்கம் போகிற கம்பெனி பஸ் எங்கே நிற்கும்? நாலாவதாக ஒன்றும் கேட்கணும்: 'ஸார், எர்த் போட்டிருக்கா?'

ஓனர் ஒரு மாதிரி பார்ப்பார். "அதான் ப்ளக் பாயின்ட்ல மூணு ஓட்டை இருக்கே தம்பி!"

ஓட்டை இருக்கும். பின்னால் ஒயர் இருக்கிறதா என்பதுதான் விஷயம். பெரிய ஓட்டைதான் எர்த். அதில் போகிற பின் மட்டும் நீளம். செருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். நல்ல சிநேகிதன் மாதிரி.

கெய்சருக்குள் ஒயர் நைந்து மேல்தகட்டில் பட்டால், கரெண்ட் எர்த் வழியாக மண்ணுக்குப் போகணும். எர்த் இல்லையென்றால், ஈரத்தோடு நிற்கும் உங்கள் வழியாகப் போகும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மார்கழியில் கெய்சரை விடவும் முடியாது.

இங்கே இன்னொரு வம்பு. கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர் போனது. பாறை சமையல் மேடைக்கு அழகு, எர்த்துக்கு எதிரி. கரெண்டை லேசில் உள்ளே விடாது. குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் விடுவது முறை. நாலடியில் பாறை தட்டியதும் பைப்பை அறுத்து மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஒரு சின்னக் கணக்கு. எர்த்தின் தடை 100 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை வகுத்தால் 2.3 ஆம்பியர். கெய்சருக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைச் சட்டையே பண்ணாது. அது காப்பாற்றுவது ஒயரை, உங்களை அல்ல. இதயத்தைத் தாறுமாறாக்க 100 மில்லி ஆம்பியரே போதும்.

அதற்குத்தான் ஆர்.சி.சி.பி. போன கரெண்டும் திரும்பி வந்த கரெண்டும் சரியா என்று பார்க்கும் கறார் கணக்கப்பிள்ளை. 30 மில்லி ஆம்பியர் உதைத்தால், கண்ணிமைப்பதற்குள் கட். அதற்காக எர்த்தை விட்டுவிடக் கூடாது. இரண்டும் வேணும். பாத்ரூமில் இரும்புக் குழாய் இருந்தால் அதையும் அதே எர்த் ஒயரோடு சேர்க்கணும். ஒரு கையில் கெய்சர், மறு கையில் குழாய் என்று பிடித்தாலும் நடுவில் வோல்ட்டேஜ் இருக்கக் கூடாது.

சில பேர் நியூட்ரலிலிருந்தே ஒரு துண்டு ஒயரை எர்த் ஓட்டைக்குக் கொடுத்துவிடுவார்கள். டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரியும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால், கோளாறே இல்லாத கெய்சரின் உடம்பெல்லாம் கரெண்ட். மெயினை அணைத்து, தெரிந்த எலெக்ட்ரீஷியனை விட்டு போர்டைத் திறந்து பாருங்கள். பச்சை ஒயர் தனியாக எர்த் குழி வரை போகணும்.

ஆர்.சி.சி.பி.யில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாசம் ஒரு தரம், சம்பளத் தேதியில் அழுத்துங்கள். டப்பென்று விழுந்தால் நலம். "யார்ரா கரெண்டை ஆஃப் பண்ணது?" என்று டி.வி. முன்னாலிருந்து ரூம்மேட் கத்துவான். கத்தட்டும், உயிரோடுதானே இருக்கிறான்!