கோயிலுக்குக் கொடுத்தது குற்றத்துக்குப் பதில் ஆகாது

“நஜிப் நம் கோயில்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் வாரிக் கொடுத்தவர். அவரைச் சிறைக்கு அனுப்பியது சட்டமல்ல, அரசியல் பழி.” பாடாங் மேஹாவில் ஒரு பிரமுகர் முன்னாள் பிரதமர் நஜிப்பைப் பற்றி இப்படிப் பேசியதாகவும், கேட்டவர்கள் கைதட்டியதாகவும் அறிந்தேன். அந்தக் கைதட்டலுக்காகவே எழுதுகிறேன்.

பழி வாங்கியது யார்? எஸ்ஆர்சி என்ற அரசு நிறுவனத்தின் பணம் தொடர்பான வழக்கில் 2020 ஜூலை 28 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் நஜிப்புக்கு 12 ஆண்டுச் சிறையும் 210 மில்லியன் வெள்ளி அபராதமும் விதித்தார். அப்போதைய அமைச்சரவையில் நஜிப்பின் அம்னோ கட்சியினர் அமர்ந்திருந்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 டிசம்பரிலும், கூட்டரசு நீதிமன்றம் 2022 ஆகஸ்ட் 23 அன்றும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தன. இரண்டு முறையும் பிரதமர் இஸ்மாயில் சப்ரி, அவரும் அம்னோக்காரர். தன் கட்சி ஆளும்போதே தண்டனை பெற்றவருக்கு எதிர்க்கட்சி எப்படிப் பழி தீர்த்தது? மூன்று படிகளிலும் சேர்த்து ஒன்பது நீதிபதிகள், ஒருவர்கூட அவரை நிரபராதி என்று எழுதவில்லை. பின்னர் மறுஆய்வில் ஒரு நீதிபதி மாறுபட்டார், உண்மைதான். வாதாட உரிய வாய்ப்பு தரப்படவில்லை என்பது அவர் கருத்து. மற்ற நால்வரும் அதை ஏற்கவில்லை.

பணத்துக்கு வருவோம். நஜிப்பின் கணக்குக்குப் போனது 42 மில்லியன் வெள்ளி. அதை அனுப்பிய எஸ்ஆர்சி நிறுவனம் 4 பில்லியன் வெள்ளி கடன் வாங்கியது அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியிடம். அந்த நிதி யாருக்காக? விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, பால்மரம் வெட்டி, தாய் படிக்க வைத்த பிள்ளை ஆசிரியராகவோ தாதியாகவோ முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெறுகிறதே, அந்தப் பிள்ளைக்காக. கோயிலுக்கும் பள்ளிக்கும் வந்த மானியமும் மக்களின் வரிப்பணம்தான். நம் பணத்தை நம்மிடமே கொடுத்தவருக்கு நாம் ஏன் நன்றிக்கடன் பட வேண்டும்?

தோட்டத்தில் ஒரு மூட்டை ஒட்டுப்பால் திருடி அகப்பட்டவனைப் போலீசில் ஒப்படைத்தபோது, “மாரியம்மன் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தவன், விட்டுவிடுங்கள்” என்று எந்தக் கிராணியாவது சொன்னதுண்டா? கூலிக்காரனுக்கு இல்லாத சலுகையைப் பிரதமருக்குக் கேட்கிறது அந்த மேடை.

“மக்கள் தேர்ந்தெடுத்தவரை மக்களே தண்டிக்கட்டும், நீதிபதிக்கு என்ன வேலை?” என்பது பிரமுகரின் அடுத்த வாதம். இது ஆபத்தான பேச்சு. 1988இல் மகாதீர் ஆட்சியில் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். அதே ஆண்டு அரசமைப்பின் 121ஆவது விதியைத் திருத்தி நீதித்துறையின் அதிகாரத்தைக் குறுக்கினார்கள். அந்தக் காயம் ஆற எத்தனை ஆண்டுகள் ஆயின! தோட்டத்தை விற்று, லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியபோது நம்மவர் படியேறிய இடம் நீதிமன்றம். ஆளுங்கட்சிக்கு அஞ்சும் நீதிபதி அங்கே உட்கார்ந்திருந்தால், அந்த நோட்டீஸை யாரிடம் காட்டுவது?

அரசியல் தலையீடு பற்றிப் பேச வேண்டுமானால் 2023 செப்டம்பர் 4ஐப் பேசுங்கள். துணைப் பிரதமர் ஸாஹிட் ஹமிடி மீதான 47 குற்றச்சாட்டுகளையும் அரசுத் தரப்பே கைவிட்டது. எதிர்வாதம் செய்யும்படி நீதிமன்றம் ஏற்கெனவே உத்தரவிட்டிருந்த வழக்கு அது. வழக்குத் தொடுப்பவரே பின்வாங்கினால் நீதிபதி என்ன செய்வார்? அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் சட்டத்துறைத் தலைவரே அரசு வழக்குரைஞராகவும் இருந்ததால் வந்த கேடு இது. 2024இல் மன்னிப்பு வாரியம் நஜிப்பின் 12 ஆண்டை 6 ஆக்கி, அபராதத்தையும் 50 மில்லியனாகக் குறைத்தது. பெரியவர்களுக்கு இரக்கம் காட்ட இந்த நாட்டில் ஆள் பஞ்சமில்லை.

பாடாங் மேஹா மக்களே, வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கோயில் மானியம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் தலைவர் மீது வழக்கு வந்தால், அதைக் கைவிடும் அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்கிறீர்கள்? பதில் சொல்லத் தயங்குகிறவருக்கு உங்கள் வாக்கைக் கொடுக்காதீர்கள்.