கி.பி. 52: மறைக்கல்வி வகுப்பில் என்ன சொல்வோம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கத்தோலிக்கர் ஒருவரிடம் "நீங்க வெள்ளைக்காரன் காலத்துல மாறினவங்கதானே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும்: "இல்லைங்க, கி.பி. 52லயே தோமையார் வந்துட்டார்." நம் பிள்ளைகளும் இதைப் பள்ளியில் சொல்கிறார்கள். கூடப் படிப்பவன் கைபேசியில் தேடி மறுத்துப் பேசினால், ஞாயிறன்று எங்களிடம் வந்து நிற்கிறார்கள். இந்தப் பதிலை இந்த வடிவில் இனிச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று எங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியர் குழு முடிவெடுத்திருக்கிறது. இது எங்கள் குழுவின் நிலைப்பாடு மட்டுமே. மறைமாவட்டத்தின் அறிக்கை அல்ல.

இயேசுவின் சீடர் தோமையார் மீதுள்ள பக்தியை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. பூந்தமல்லியிலிருந்து மவுண்ட்-பூந்தமல்லி சாலையைப் பிடித்தால் நேரே பரங்கிமலை. சின்னமலையும் சாந்தோமும் அதற்கப்பால். இந்த மூன்று இடங்களுக்கும் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் நடந்திருக்கிறார்கள். 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சென்னைக்கு வந்தபோது சாந்தோமுக்கும் பரங்கிமலைக்கும் போனார். திருச்சபை இந்த மரபை மதிக்கிறது. ஆனால் அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. விசுவாச அறிக்கையில் தோமையாரின் இந்தியப் பயணம் இல்லை. 2006 செப்டம்பரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், தோமையார் மேற்கு இந்தியா வரை வந்தார், அங்கிருந்து கிறிஸ்தவம் தென்னிந்தியாவை எட்டியது என்ற பொருளில் பேசியபோது, தோமையார் தங்கள் மண்ணுக்கே வந்தார் என்று நம்பும் கேரளத்தில் பெரிய சலசலப்பு எழுந்தது. திருத்தந்தையே ஒரு விதமாகவும் உள்ளூர் மரபு வேறு விதமாகவும் பேச இடமுள்ள விஷயம் இது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

சான்றுகள் எதுவரை போகின்றன என்பதைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்வோம். மூன்றாம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்' என்ற நூல் அவரை இந்தியாவில் கொண்டோபரஸ் என்ற அரசனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அப்படி ஓர் அரசனே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்ததும் வாயடைத்துப் போனார்கள். ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில். சாந்தோம் இருக்கும் மயிலாப்பூரின் பெயரே அந்த நூலில் கிடையாது. தென்னிந்தியக் கிறிஸ்தவத்துக்கு உறுதியான தேதியோடு நம் கையில் உள்ள பெரிய ஆவணம் கி.பி. 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் அந்தத் தேவாலயத்துக்கு வழங்கிய உரிமைகள் வட்டெழுத்தில் இருக்கின்றன. சாட்சிக் கையெழுத்துகள் பாரசீகப் பகலவியிலும் அரபியிலும் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. பரங்கிமலையில் 1547இல் கிடைத்த கற்சிலுவையைச் சுற்றி ஓடுவதும் அதே பகலவி எழுத்துதான். பாரசீகத்தோடு கடல்வழித் தொடர்பு வைத்திருந்த கிறிஸ்தவர்கள் இங்கே வாழ்ந்தார்கள் என்று அந்தச் சிலுவை சொல்கிறது. 52 என்று அது சொல்லவில்லை.

சாந்தோமில் உள்ள தோமையாரின் கல்லறையே போர்த்துகீசியர் கட்டிவிட்ட கதை என்பவர்களுக்கும் பதில் உண்டு. அவர்கள் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மார்க்கோ போலோ அந்தக் கல்லறையைப் பற்றி எழுதிவிட்டார். அங்கிருந்து செம்மண் எடுத்துப் போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பார்கள் என்கிறார். காட்டில் மயில்கள் சூழச் செபித்துக்கொண்டிருந்தவர் மீது, மயிலுக்குக் குறிவைத்த வேடன் ஒருவனின் அம்பு தவறிப் பாய்ந்தது என்பது அவர் கேட்ட கதை. பழைய சிரிய நூலிலோ அரச கட்டளைப்படி வீரர்கள் ஈட்டியால் குத்துகிறார்கள். கதைகளே இப்படி முரண்படும்போது, இன்ன சாதிக்காரர் கொன்றார் என்று இங்கே பேச்சுவழக்கில் உலவும் கதையை உண்மையாகக் கொள்ள முடியாது. அதை எங்கள் வகுப்பில் எந்த ஆசிரியரும் சொல்லக் கூடாது. நாடகத்திலும் போடக் கூடாது.

வள்ளுவர் தோமையாரிடம் பாடம் கேட்டார் என்பதும் அப்படியே. அதற்குச் சுவடி ஆதாரம் தேடித் தருவதாகச் சொல்லித் திருச்சபையிடமே பணம் பறித்த மோசடி ஒன்று நீதிமன்றம் வரை போயிருக்கிறது. குறள் நமக்கும் சொத்துதான். அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தேவையில்லை.

சாந்தோம் இருப்பது பழைய கபாலீசுவரர் கோயில் இருந்த இடத்திலா என்ற கேள்வியும் வரும். பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது என்று பல வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். சாந்தோமில் பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருப்பதும் உண்மை. இதைக் கேட்கும் பிள்ளையை அதட்டி உட்கார வைக்க மாட்டோம்.

இவ்வளவும் தோமையாரைப் பற்றி. எங்களை அதிகம் உறுத்துவது நம்மைப் பற்றிய பொய். 52 என்ற எண்ணை நாம் சாதிச் சான்றிதழ் போல நீட்டுகிறோம். தோமையார் வழிவந்தவர்கள் என்ற குடும்ப மரபு கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர்களுக்கு உண்டு. அம்பத்தூரிலும் ஆவடியிலும் அவர்கள் நிறையவே இருக்கிறார்கள், அவர்கள் கதையை அவர்கள் சொல்லட்டும். நம்மில் பெரும்பாலோர் அந்த வழி அல்ல. 1530களில் முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் பெற்ற பரதவர் வழிவந்தவர்கள் சிலர். 1606இல் மதுரைக்கு வந்த நொபிலியும், 1693இல் ஓரியூரில் வெட்டுண்ட அருளானந்தரும் உழைத்த மதுரை மிஷன் வழி வந்தவர்கள் சிலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கல்பட்டு, ஆற்காட்டுப் பக்கத்துச் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சேர்ந்தவர்களின் வழிவந்தவர்கள் பலர். இவர்களின் மக்கள்தான் டி.ஐ. சைக்கிளுக்கும் டன்லப்புக்கும் ஆவடி டேங்க் ஃபேக்டரிக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் வேலைக்கு வந்து இங்கே பங்குகளை நிரப்பினார்கள். பண்ணையாரின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நின்றவர், நிமிர்ந்து நிற்க வழி தேடிக் கோயில் படியேறினார் என்றால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அங்கேயும் அவருக்குத் தனி வரிசையும் தனிக் கல்லறையும் ஒதுக்கப்பட்டன என்பதுதான் வெட்கம். அது திருச்சபையின் வெட்கம். தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கும் 1950ஆம் ஆண்டு ஆணையை எதிர்த்து மேடையில் முழங்கிவிட்டு, வகுப்பில் அந்த முன்னோர்களை மறைத்து வைப்பது நமக்கு அழகல்ல.

ஆகவே வரும் ஜூன் முதல் தோமையார் பாடம் மரபு என்ற பெயரிலேயே நடக்கும். அவர் வந்ததாகச் சொல்லும் 52, இறந்ததாகச் சொல்லும் 72 ஆகிய ஆண்டுகள் "மரபின்படி" என்ற சொல்லோடு மட்டும் வரும், தேர்வில் கேட்கப்படாது. ஜூலை 3 தோமையார் திருவிழாவும் பரங்கிமலைப் பயணமும் வழக்கம்போல் உண்டு. உறுதிபூசுதலுக்குத் தயாராகும் ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் யார், எந்த ஊர், எந்தக் கோயில், என்ன காரணம் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவர வேண்டும். வாரிசுரிமை, சாதிச் சான்றிதழ் சிக்கல் போன்ற காரணங்களால் இதை எழுத விரும்பாத குடும்பங்களைக் கட்டாயப்படுத்த மாட்டோம். எழுதியதை யாருக்கும் காட்டவும் மாட்டோம்.

அக்கம்பக்கத்தார் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டால் பிள்ளைகள் என்ன சொல்வது என்று பெற்றோர் சிலர் அன்பியக் கூட்டத்தில் கேட்டார்கள். "ஆமாங்க, எங்க தாத்தாவோட தாத்தா விரும்பிச் சேர்ந்தார்" என்று சொல்லட்டும். உடன்படாத பெற்றோர் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி அறைக்கு வரலாம்; பங்குத்தந்தையும் இருப்பார்.