தூரமா, அருகா?



முதிய பெற்றோரைக் கண் சிகிச்சைக்காக ஊரிலிருந்து மும்பைக்கு அழைத்துவரும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. மாதக் கூட்டம் முடிந்து காப்பி அருந்தும் வேளையில், "புரைக்கு எந்த லென்ஸ் வைப்பது நல்லது?" என்ற கேள்வி எப்படியும் எழுந்துவிடுகிறது. அதற்கு நான் அறிந்தவரை விடை சொல்ல முயல்கிறேன். என் தாயாரின் விஷயத்தில் நான் செய்ய இருந்த பிழையையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கண்ணுக்குள் இயற்கையாய் அமைந்த வில்லை மூப்பினால் கலங்குவதே புரை. அதை மருந்தினால் கரைக்க இயலாது. கலங்கியதை அகற்றிவிட்டு, செயற்கை லென்ஸ் ஒன்றை அவ்விடத்தில் வைக்கிறார்கள். போர் விமானிகளின் கண்ணில் புகுந்த பிளாஸ்டிக் சிதறல்கள் அங்கேயே தங்கியும் கேடு விளைவிக்காமையைக் கண்ட ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர், 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் முதன்முதலாக இத்தகைய லென்ஸைப் பொருத்தினார். வெகுகாலம் இது எளியோர்க்கு எட்டாப் பொருளாகவே இருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் 1992ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, லென்ஸ்களை நம் நாட்டிலேயே செய்து விலையைப் பெரிதும் குறைத்தது. ஆகவே, விலை குறைந்தது என்பதனாலேயே ஒரு லென்ஸ் மட்டமானது என்று எண்ண வேண்டியதில்லை.

லென்ஸ்களில் சில வகைகள் உள. மடியாத லென்ஸ் சற்றுப் பெரிய திறப்பின் வழியாகவும், மடியும் லென்ஸ் மிகச் சிறிய திறப்பின் வழியாகவும் உள்ளே செல்லும். ஒரே தூரத்திற்குப் பார்வை தருவது 'மோனோஃபோகல்'. அதைத் தூரத்திற்கு அமைத்தால் படிக்கக் கண்ணாடி வேண்டும். அருகிற்கு அமைத்தால் தெருவைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். தூரம், அருகு இரண்டிற்கும் பார்வை தர முயல்வது 'மல்டிஃபோகல்'. இதன் விலை மிகுதி. கண்ணாடியின் தேவை பெரிதும் குறையும் என்பது மெய்யே. ஆயினும் இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தோன்றுவதுண்டு. மங்கிய வெளிச்சத்தில் தெளிவு குறைவதுமுண்டு. நீரிழிவினால் விழித்திரை பழுதுற்றவர்களுக்கு இது பெரும்பாலும் ஏற்றதன்று. கண்ணாடிக் கடையில் 'சிலிண்டர் பவர்' என்று சொல்லும் குறை மிகுந்தவர்களுக்கு 'டோரிக்' என்னும் வகை உதவும்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் தாயாருக்கு இளமை முதலே கிட்டப்பார்வை. நீரிழிவும் உண்டு. ஆஸ்பத்திரியில் நான் கேட்ட முதற் சொல், "இருப்பதில் விலை உயர்ந்ததையே வையுங்கள்" என்பதுதான். பெற்றவளுக்குக் குறை வைக்கலாகாது என்ற எண்ணம். நாலு பேர் மெச்சவேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருந்தது என்பதை மறுக்கமாட்டேன். விழித்திரையைச் சோதித்த டாக்டர், மல்டிஃபோகல் வேண்டாம் என்றார். பிறகு அம்மாவை நோக்கி, "தூரப் பார்வை வேண்டுமா, அருகுப் பார்வை வேண்டுமா?" என்று இந்தியில் வினவினார். அம்மாவுக்கு இந்தி தெரியாது. நான் முந்திக்கொண்டு, "தூரம்தான்" என்றேன். அவரும் எழுதிக்கொண்டார்.

"டாக்டர் என்னடா கேட்டார்?" என்றாள் அம்மா. சொன்னேன்.

"தூரத்தைப் பார்க்கக் கண்ணாடி போட்டுக்கொள்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அரிசியில் கல் பொறுக்கவும், பூக் கட்டவும், புஸ்தகம் படிக்கவும் நான் என்றைக்காவது கண்ணாடி தேடினேனா? இந்த வயதில் அதை ஏன் மாற்றுகிறாய்?" என்றாள்.

நான் வெட்கத்துடன் அதை இந்தியில் எடுத்துரைத்தேன். டாக்டர் புன்னகைத்து, எழுதியதை அடித்துத் திருத்தினார். இன்று இரு கண்களிலும் அருகுப் பார்வைக்கான லென்ஸ்களே இருக்கின்றன. இந்த இதழை அம்மா கண்ணாடியின்றியே படிக்கிறாள். வெளியே கிளம்பும்போது மட்டும் கண்ணாடியைத் தேடுகிறாள்.

எல்லோருக்கும் அருகுப் பார்வையே உகந்தது என்று நான் சொல்லவில்லை. வண்டி ஓட்டுபவருக்கும் தனியே சாலை கடப்பவருக்கும் தூரப் பார்வையே முதன்மையாக இருக்கலாம். விழித்திரையும் கண் நரம்பும் நலமாக உள்ளனவா, நாள் முழுதும் அக்கண் செய்யும் வேலை யாது, கண்ணாடி அணிய மனம் இசைகிறதா என்னும் மூன்றையும் விசாரித்த பின்னரே விலையைப் பேசுங்கள். சிகிச்சைக்குப் பின், லென்ஸின் பெயரும் பவரும் குறித்த சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்; ஊருக்குத் திரும்பியபின் அங்குள்ள மருத்துவருக்கு அது உதவும்.

வேற்று மொழி வழங்கும் ஊரில் நம் பெற்றோருக்கு நாமே வாயாக இருக்கிறோம். டாக்டரின் கேள்வியை முதலில் அவர்கள் காதில் தமிழில் போடுங்கள். அவர்கள் சொல்லும் விடையையே அவரிடம் கொண்டுசேருங்கள்.