கொடையா... கோடையா? அட்டை எழுத்து செய்த குழப்பம்!

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் என் தாத்தா. எண்பது வயதில் தன் முதல் புத்தகத்தை எழுதி முடித்தார். ஊர்ப் பள்ளிக்கூடம் கட்டுவதற்காகத் தன் அரை ஏக்கர் நிலத்தை எழுதிக்கொடுத்த ஒரு பெண்மணியைப் பற்றிய சின்னப் புத்தகம். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரத்தில் கைநாட்டுதான். அந்தப் பள்ளியில் இன்று அவர் பெயரில் ஒரு கல்வெட்டுகூடக் கிடையாது. "இந்தப் புஸ்தகம்தாம்ட்டி அவளுக்குக் கல்வெட்டு" என்பார் தாத்தா.

தலைப்பு ஒரே சொல்: கொடை.

பத்திரிகையில் வேலை பார்க்கும் பேத்தி என்பதால் அட்டைப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. டிசைனர் நண்பர் ஒருவர் மூன்று மாதிரிகள் அனுப்பினார். அதில் ஒன்றைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. 'கொ'வின் ஒற்றைக் கொம்பிலிருந்து ஒரு கொடி கிளம்பி, மேலே சுருண்டு, இலை விட்டிருந்தது. அவ்வளவு அழகு. உடனே 'ஓகே' சொல்லிவிட்டேன். 300 பிரதிகளுக்கான ரேப்பர் அச்சுக்குப் போக இரண்டு நாள்தான் இருந்தது.

அன்று மாலை அந்தப் படத்தை ஆச்சியிடம் போனில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "என்னட்டி இது, 'கோடை'ன்னு போட்டிருக்கு? ஒங்க தாத்தா வெயிலப் பத்தியா எழுதிருக்காரு?" என்றார்.

சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிப் பார்த்தேன். என் சிரிப்பு நின்றுவிட்டது. ஆச்சி சொன்னது சரி. கொம்பின் மேல் சுருண்டிருந்த கொடி அச்சு அசலாக இரண்டாவது சுழி போலவே இருந்தது. ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாகிவிட்டது. தலைப்பு முன்கூட்டியே தெரியும் என்பதால் நானும் நண்பரும் 'கொடை' என்றே படித்திருக்கிறோம். தெரியாதவர்கள் எல்லோருக்கும் அது 'கோடை'தான்.

ஒரு சுழிக்கு இவ்வளவு மதிப்பா?

ஆம். அந்தச் சுழிக்குப் பின்னால் பெரிய கதையே இருக்கிறது. பழைய தமிழில் குறில் எ, ஒ இரண்டுக்கும் புள்ளி வைத்து எழுத வேண்டும்; நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஆனால், ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும். அதனால் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. கொடையா, கோடையா என்பதை இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். 18-ம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர்தான் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, நெடிலுக்கு இரட்டைக் கொம்பு போடும் முறையைக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். இப்படித் தீர்த்துவைத்த ஒரு குழப்பத்தை, ஓர் இலையும் கொடியும் போட்டு நாங்கள் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம்!

அலங்காரம் செய்யக் கூடாத இடங்கள்

அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அட்டை எழுத்தில்தான் என் கண் போகிறது. அலங்கார எழுத்தில் தவறே இல்லை. ஆனால், ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரித்துக்காட்டும் சின்னச் சின்ன உறுப்புகளில் கை வைக்கக் கூடாது.

புள்ளி: 'பல்' என்பதில் புள்ளி காணாமல் போனால் 'பல'. புள்ளியைப் பூவாக்கலாம், நிலவாக்கலாம். ஆனால், அது எழுத்தின் தலைக்கு மேலே, கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பின்னணிப் படத்தில் நட்சத்திரங்கள் இருந்து, புள்ளியும் நட்சத்திரமாக இருந்தால் தொலைந்தது.

சுழி: 'மனம்' என்பதில் அழகுக்காக ஒரு சுழி கூடினால் 'மணம்'. காதல் நாவலுக்கு இரண்டும் பொருந்தும் என்பதால் யாருக்கும் சந்தேகம்கூட வராது!

துணைக்கால்: 'பட்டு', 'பாட்டு' இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு கால் மட்டுமே. அதை 'ர' மாதிரி வரைந்துவிட்டாலும் வாசகர் திணறுவார்.

சரி, எங்கேதான் அலங்காரம் செய்வது? அதற்கும் இடம் இருக்கிறது. 'ட'வின் அடிக்கோட்டை எவ்வளவு தூரம் இழுத்தாலும் அது 'ட'தான். எழுத்தின் தடிமனைக் கூட்டலாம், குறைக்கலாம். ஓரங்களைப் பிசிறாக விடலாம். அடையாளம் மாறாது.

அழகாகவும் இருந்தது, படிக்கவும் முடிந்தது

'அப்படியென்றால் எல்லா அட்டையிலும் பாடப்புத்தக எழுத்தையே போட வேண்டியதுதானா?' என்று கேட்கலாம். ஓவியர் கே.எம்.ஆதிமூலத்தின் தலைப்பெழுத்துகளைத் தேடிப் பாருங்கள். சிறுபத்திரிகைகளுக்கும் நவீன இலக்கியப் புத்தகங்களுக்கும் தூரிகையால் அவர் எழுதிய எழுத்துகளில் தூரிகையின் வேகம் அப்படியே தெரியும். அச்சு எழுத்தின் ஒழுங்கு அதில் இருக்காது. ஆனால், சொல் தெளிவாக இருக்கும். எழுத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, சதையில்தான் அவர் விளையாடினார்.

இன்னொரு விஷயம், பொருத்தம். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் வரை ணை, லை, ளை, னை போன்றவற்றுக்கு யானைத் துதிக்கை போன்ற வளைவு உண்டு. பெரியார் 1935-லேயே தன் 'குடிஅரசு' பத்திரிகையில் புதிய வடிவத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார் என்றாலும், பழைய புத்தகங்களில் அந்தத் துதிக்கையைப் பார்க்கலாம். 1950-களில் நடக்கும் நாவலின் அட்டையில் அந்தப் பழைய 'லை' வந்தால், பக்கத்தைப் புரட்டும் முன்பே காலம் தெரிந்துவிடும். அதையே குழந்தைகள் புத்தகத்தில் போட்டால்? ஏழு வயதுப் பிள்ளை, "இது என்ன எழுத்து?" என்று கேட்கும். எழுத்து அதேதான், ஒன்றில் பொருந்துகிறது, இன்னொன்றில் பொருந்தவில்லை.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம்

கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, உங்கள் கவிதைத் தொகுப்பு... எதுவாக இருந்தாலும் அச்சுக்குக் கொடுக்கும் முன் நான்கு சோதனைகள்.

1. தலைப்பே தெரியாத ஒருவரிடம் காட்டி, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். 'இது சரியா இருக்கா?' என்று கேட்காதீர்கள். 'என்ன எழுதியிருக்கு?' என்று மட்டும் கேளுங்கள்.

2. போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இன்று நிறைய பேர் புத்தகத்தை முதலில் பார்ப்பது அந்த அளவில்தான்.

3. படத்தைக் கையால் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் பாருங்கள். புத்தகத்தின் குணம் அதில் தெரிகிறதா? சமையல் புத்தகத்துக்குப் பேய்க்கதை எழுத்து வந்திருந்தால் இப்போது மாட்டிக்கொள்ளும்.

4. அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கும், இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு பிள்ளைக்கும் காட்டுங்கள். இருவரும் ஒரே சொல்லைப் படித்தால் பாஸ்!

தாத்தாவின் அட்டை என்ன ஆனது?

நண்பரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. கொம்பிலிருந்த கொடியை எடுத்து, 'டை'யின் அடிக்கோட்டிலிருந்து கிளம்பும்படி மாற்றினார். கொடி அட்டையின் வலது ஓரம் வரை ஓடி, ஒரு சின்ன இலையோடு முடிந்தது. முதலில் இருந்ததைவிட இதுதான் அழகு என்று எனக்குத் தோன்றியது.

முதல் பிரதியை, நிலம் கொடுத்த அந்த அம்மாவின் பேத்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார் தாத்தா. நானும் கூடப் போயிருந்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. பாட்டி கொடுத்த இடத்தில் கட்டிய பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அட்டையைப் பார்த்தார். எழுத்தின் மேல் விரலை வைத்து, நிதானமாக, "கொ...டை" என்று படித்தார்.

தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஆச்சியை நினைத்துக்கொண்டேன்.