ஊரே ஆடிச்சு... காசு யாருக்குப் போச்சு?

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி', காட்டூர் ஷேர் ஆட்டோ வரைக்கும் ஒலிச்சுது. தயாரித்த சந்தோஷ் நாராயணன் நம்ம திருச்சிக்காரர்ங்கிறதுல தனி கெத்து வேற!

அந்த ஆகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் அறிவு இல்லைன்னு சண்டை போட்டோம். நியாயமான சண்டைதான். ஆனா, காசு எங்கே போகுதுன்னு நாம யாரும் கேட்கலை.

2024 மார்ச்சில் சந்தோஷே வீடியோவில் சொன்னார்: அறிவு, தீ, தான்... மூணு பேருக்கும் ஒரு ரூபாய்கூட வரலை. தன் யூடியூப் சேனல் வருமானமும் பாட்டை வெளியிட்ட 'மாஜா'வுக்கே போகுது. குற்றச்சாட்டை மாஜா மறுத்தது.

1960-களில் லண்டன் 'ஸ்மால் ஃபேஸஸ்' பசங்களுக்கும் இதே பஞ்சாயத்துதான். பாட்டெல்லாம் ஹிட். மேனேஜர் டான் ஆர்டன் கொடுத்ததோ வாரம் 20 பவுண்டு, கூடவே கார்னபி தெருக் கடைகளில் துணி எடுத்துக்கக் கணக்கு. சட்டைக்குக் குறைச்சலில்லை, ராயல்டிக்குத்தான் வருஷக்கணக்கா அலைஞ்சாங்க.