மூலிகை என்றால் தீங்கற்றதா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

“பச்சிலைதானே, கெடுதல் செய்யாது” என்பது நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு. வேலியோரக் குன்றிமணியும் கொல்லை ஆமணக்கும் இதை மறுக்கின்றன.

குன்றிமணி விதையில் அப்ரின், ஆமணக்கு விதையில் ரிசின் என்னும் புரதங்கள் உள்ளன. உயிரணுவின் ரைபோசோமைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நஞ்சுகள் இவை. ஆயினும், 1891-இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் இவற்றையே சிற்றளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார். அவை பின்னர் கொல்லும் அளவையும் தாங்கின. ஆனால், ரிசினைத் தாங்கிய எலி அப்ரினைத் தாங்கவில்லை. ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனி எதிர்ப்பொருள் உண்டு என்ற உண்மை இவ்வாறு புலப்பட்டது. நோயெதிர்ப்பியலுக்கே பாடம் சொன்ன விதைகள் இவை!

குன்றிமணியைப் பாலில் வேகவைத்துச் சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்ப்பது நம் நாட்டு மருத்துவ மரபு. வெப்பம் புரதத்தைச் சிதைக்கும் என்கிறது அறிவியல். முன்னோர் அளவும் பக்குவமும் அறிந்திருந்தனர். இன்றைய விளம்பரங்களோ இரண்டையும் மறந்து, “எதிர்ப்பாற்றல் பெருகும்” என்று மட்டும் முழங்குகின்றன.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எதை உண்ணலாம் என்று வீட்டார் என்னைத்தான் கேட்கின்றனர். “எந்தப் பொருள்? எவ்வளவு? எவர் சோதித்தார்?” இம்மூன்றையும் கேட்காமல் விடை சொன்னால், நாம் பெறும் பட்டத்தால் பயன் என்ன, நண்பர்களே?